பெரட்டில் கூப்பிட்ட பேர்

சஞ்சீவனி படிக்கிற படிப்பின் பெயர் அவளுடைய வீட்டில் யாருக்கும் முழுதாக வாயில் நுழையாது. மோசடிப் புலனாய்வும் தடயக் கணக்கியலும் என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். அப்பா வீரய்யா பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். சாமான் வாங்க வருகிறவர்களிடம், "மகள் கள்ளன் பிடிக்கப் படிக்கிறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். அதில் பிழை சொல்ல என்ன இருக்கிறது? அதைத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் வகுப்பு நடக்கும். படிப்பிக்கிறவர் ஜனார்த்தனன். மற்ற நாட்களில் அவள் வேலை செய்கிற கணக்காய்வு அலுவலகமும் அவருடையதுதான். மனுஷன் பேச ஆரம்பித்தால் கீழே புடவை விரித்துப் பார்க்கிறவர்கள்கூட நிமிர்ந்து கேட்பார்கள்.

"லீவே எடுக்காதவன் மேல ஒரு கண் வைங்க" என்பார். "ஒரு நாள் இல்லாமப் போனா குட்டு வெளிப்பட்டிரும்னு பயந்தவன்தான் காய்ச்சலோடயும் வேலைக்கு வருவான்."

சம்பளப் பட்டியலில் பொய்ப் பேர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. "கணக்குப் புத்தகத்தக் கட்டி ஓரமா வைங்க. நீங்களே நின்னு ஒவ்வொரு பேராச் சத்தமாக் கூப்பிடுங்க. முகம் வந்து முன்னால நின்னாத்தான் காசு. முகம் வராத பேரு கள்ளப் பேரு."

சஞ்சீவனிக்கு இந்தப் பாடம் அத்துப்படி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் பாடம் சொல்லாத ஒன்று இருந்தது. கூப்பிட்டால் வரக்கூடாதவர்களும் வருவார்கள் என்று அதில் எங்கேயும் போட்டிருக்கவில்லை.

கிருஷ்ணராஜ் என்கிற கண்டி வியாபாரி ஒருவர் ஹேவாஹெட்டைக்கு மேலே சின்னதாக ஒரு தேயிலைத் தோட்டம் வாங்கியிருந்தார். தேயிலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் சீனி எவ்வளவு போடவேண்டும் என்பதுதான். அவர் ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டினார்.

"வேலாயின்னு ஒரு பொம்பள. செத்து ஒரு வருஷமாகுது. இன்னும் அவ பேருக்குச் சம்பளம் போய்க்கிட்டிருக்கு சார். எவன் தின்றான்னு கண்டுபிடிச்சுக் குடுங்க. மிச்சத்த பொலிஸ் பாத்துக்கிரும்."

ஜனார்த்தனன் திரும்பிச் சஞ்சீவனியைப் பார்த்தார். "நீயே போ. இதையே கடைசிப் பரீட்சைக்கான ஆய்வறிக்கையா எழுதிக் குடு. சரியா வந்தா நீ பாஸ்."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சப்பாத்து வாங்கினாள். மலையில் அது வழுக்கித் தொலைக்கும் என்று சொல்ல அந்த நேரம் பக்கத்தில் ஆள் இல்லை.

தோட்டம் மலைச்சரிவில் இருந்தது. கீழே ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயம், நடுவில் ஓபிஸ், அதற்கு மேலே கொழுந்து மலை. எல்லாவற்றுக்கும் மேலே போன மழைக்கு மண் சரிந்ததால் கைவிட்டுவிட்ட ஒரு பழைய மலை. அதை மேமலை என்றார்கள். அங்கே யாரும் போவதில்லை. பாதையைக் கம்பி கட்டி அடைத்திருந்தார்கள். பகலிலும் பாதி நேரம் அது பனிமூட்டத்துக்குள்தான் கிடக்கும்.

கணக்கப்பிள்ளை செல்லச்சாமி அவளுக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, கேட்டதையெல்லாம் எடுத்து வைத்தார். ஐம்பது கடந்த மனிதர். பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவதும் அவர்தான், சம்பளம் கொடுப்பதும் அவர்தான். லீவு எடுத்ததே இல்லையாம். சஞ்சீவனி மனதுக்குள் அவருக்கு விலங்கு மாட்டிவிட்டாள்.

"நாளைக்குப் பெரட்டுல நான்தான் பேர் கூப்பிடப் போறேன்" என்றாள்.

காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குத்தான் பெரட்டு என்று பேர். கூப்பிடும்போது குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. குரல் வராவிட்டால் இல்லை. தோட்டம் உண்டான காலத்திலிருந்து அது அப்படித்தான்.

செல்லச்சாமியின் முகம் செத்துப்போயிற்று. "தாராளமாக் கூப்பிடுங்க மிஸ். ஆனா வேலாயி பேர மட்டும் சத்தம் போட்டுக் கூப்பிடாதீங்க. நானே அந்தப் பேர வாயால சொல்றதில்ல. பேசாமப் பேர் போட்டுட்டுத் தாண்டிப் போயிருவேன்."

"ஏன்?"

"பெரட்டுல பேர் கூப்பிட்டா வந்து நிக்கணும். அவ காலம்பூரா அப்படி வந்து நின்னவ."

அகப்பட்டாரடா மனுஷன் என்று சஞ்சீவனிக்குள் ஒரு துள்ளல். குற்றவாளி சோதனையைத் தடுக்கப் பார்ப்பான், அதற்கு ஒரு கதையும் வைத்திருப்பான் என்று பாடத்திலேயே இருந்தது. பாவம், அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? டவுனில் பிறந்து வளர்ந்தவள். பேர் கூப்பிடுவதென்றால் அவளுக்குப் பள்ளிக்கூட இடாப்பு வாசிப்பது மாதிரித்தான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களத்தில் நின்றாள். பெண்கள் தலையில் கம்பளிக் கொங்காணியும் இடுப்பில் படங்குமாக நின்றார்கள். கொழுந்துச் செடி கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுத் துண்டுதான் படங்கு. மூட்டம் இறங்கி, பின்வரிசை தெரியாமல் இருந்தது. அவள் பேர்களைக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாகக் குரல் கொடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிப் போவதற்கு நகர்ந்தார்கள்.

"வேலாயி."

நகர்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முன்வரிசையில் நின்ற இராஜேஸ்வரி, கட்டுமஸ்தான நடுவயதுக்காரி, வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ மிஸ், வேணாங்க."

"வேலாயி!"

செல்லச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். சஞ்சீவனிக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை பேரும் சேர்ந்து தன்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்களே என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"வேலாயி!"

மேலே, அடைத்து வைத்த மேமலைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"வந்துட்டேங்க..."

பிந்தி வருகிறவள் ஓட்டமும் நடையுமாக மூச்சு வாங்கிக்கொண்டு கொடுக்கிற குரல். பெண்கள் ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து நிலத்தையே பார்த்தார்கள். செல்லச்சாமியின் கையிலிருந்து பேனை விழுந்தது. அவர் அதை எடுக்கக் குனியவில்லை.

சஞ்சீவனி காத்து நின்றாள். யாரும் வரவில்லை. சரிதான், மேலே ஒருத்தியை ஒளித்து வைத்துக் குரல் கொடுக்கச் செய்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். கைகால் சில்லிட்டதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டாள்.

மலையின் தலைமாட்டில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், ஒரு பழைய பிரம்புக் கூடை இருந்தது. மற்றவர்கள் எல்லாம் இப்போது பைதான் கட்டுகிறார்கள். இந்தக் கூடைக் கயிற்றில் மட்டும் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. வேலாயியுடையது என்றார்கள். காலையில் சஞ்சீவனியே அதைக் கவிழ்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

பகல் நிறுவைக்கு வந்தபோது கூடை நிறைந்திருந்தது. மேலே சேம்பிலை போட்டு மூடியிருந்தது. அன்று மழை இல்லை. சேம்பிலையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது.

செல்லச்சாமி கூடையைத் தொட மறுத்துவிட்டார். சஞ்சீவனியே தூக்கித் தராசில் மாட்டினாள். நல்ல கனம். கையை விட்டுப் பார்த்தாள். முற்றல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரெண்டு இலையும் மொட்டும்தான். பிடித்த விரல் விறைத்துப் போகிற குளிர்.

இராஜேஸ்வரியைத் தனியே கூப்பிட்டாள். "யார் இந்தக் கொழுந்தப் போட்டது? உண்மையச் சொல்லுங்கக்கா. பொலிஸ் வந்தா செல்லச்சாமி ஐயாவத்தான் மொதல்ல கூட்டிட்டுப் போவாங்க."

இராஜேஸ்வரி படங்கின் முனையை முறுக்கினாள். பிறகு கொட்டிவிட்டாள்.

"அவரு ஒரு சல்லி தின்னல மிஸ். வேலாயிக்கு ஒரே மக, சுபாஜினி. சின்னதுல லொறி ஏறிக் காலு போன புள்ள. தையல் மிசினு வச்சுக்கிட்டு லயத்துலயே கெடக்கு. தோட்டத்துல பேர் இருந்தாத்தான் லயத்துல குடியிருக்கக் காம்பரா. பேர வெட்டினா அந்த மாசமே சட்டிபானையத் தூக்கி வெளிய வைப்பாங்க. நடக்க முடியாத புள்ளைக்குப் புதுசாப் பேர் பதிய மாட்டாங்க. அந்த லயத்த இடிச்சு ஹோட்டல் கட்டணும்னு வேற மொதலாளி சொல்லிக்கிட்டுத் திரியுறாரு."

"அதனால?"

"அதனால நாங்க ஆளுக்கு ஒரு கை கொழுந்து இந்தக் கூடையில போடுவோம். கூடை நெறைஞ்சிரும். கணக்கப்புள்ள பேசாமப் பேர் போட்டுருவாரு. சம்பளம் சுபாஜினி கைக்குப் போயிரும். இதான் மிஸ் நடந்தது. தோட்டத்துக்கு ஒரு கிலோ நட்டமில்ல."

சஞ்சீவனி பெருமூச்சு விட்டாள். கள்ளன் அகப்பட்டான் என்று வந்தால் கள்ளனே இல்லை. ஆனாலும் செத்தவள் பேரில் வேலை போட்டது பொய்தானே? பொய்யை எப்படி எழுதாமல் விடுவது? அந்தக் காலில்லாத பிள்ளையையும் விடமுடியவில்லை, பரீட்சையையும் விடமுடியவில்லை.

"சரி, இன்னைக்கும் அப்படித்தானே நெறைச்சீங்க?"

இராஜேஸ்வரி அவளை நேராகப் பார்த்தாள். "இல்ல மிஸ். நீங்க வந்திருக்கீங்கன்னு பயந்து இன்னைக்கு ஒருத்தியும் ஒரு கை போடல. சேம்பிலையும் நாங்க போடல. வெயிலு பட்டாக் கொழுந்து வாடிரும்னு சேம்பிலை போட்டு மூடுறது இந்த மலையில அவ ஒருத்திதான்."

சஞ்சீவனி நம்பவில்லை. நம்பினால் எப்படிப் பரீட்சை எழுதுவது? மறுநாளும் பேர் கூப்பிட்டாள். மறுநாளும் அதே குரல் வந்தது. முதல் நாளைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். அன்று அவள் பெண்களோடு போகாமல் கூடைக்குப் பக்கத்திலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொண்டுபோன ரொட்டியைக்கூட கூடையைப் பார்த்தபடிதான் தின்றாள். பெண்கள் எல்லாரும் கீழே பள்ளத்தில் பறித்தார்கள். ஒருத்தியும் மேலே ஏறவில்லை.

நடுப்பகலில் மூட்டம் இறங்கியது. தன் சப்பாத்தே தனக்குத் தெரியவில்லை. அந்த வெள்ளைக்குள் பக்கத்திலேயே யாரோ கொழுந்து கிள்ளுகிற சத்தம் கேட்டது. பட், பட், பட் என்று இரண்டு கையாலும் விடாமல் கிள்ளுகிற சத்தம். கூடவே மெல்லிய குரலில், கொழுந்தெடுக்கத் தொடங்கும்போது பெண்கள் சொல்வார்களே, "பொலியோ பொலி" என்று, அதுவும் கேட்டது. சஞ்சீவனி எழுந்து ஓட நினைத்தாள். முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டு கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூட்டம் விலகியபோது கூடை நிறைந்து, சேம்பிலை மூடி இருந்தது. அவள் உட்கார்ந்திருந்த கல்லுக்கும் கூடைக்கும் நடுவில், ஈரமண்ணில், வெறுங்கால் தடம் இருந்தது. அது மேமலைப் பக்கமிருந்து வந்து, மேமலைப் பக்கமே போயிருந்தது.

படித்த படிப்பு சும்மா விடுமா? பயந்து செத்தாலும் போய்ப் பார்த்துத்தானே ஆகவேண்டும். செல்லச்சாமியை இழுத்துக்கொண்டு கம்பியைத் தாண்டி மேமலைக்கு ஏறினாள். அங்கே தேயிலை கவ்வாத்து வெட்டாமல் நெஞ்சுயரத்துக்குக் காடாக வளர்ந்திருந்தது. புல்லும் கொடியும் பின்னிக் கிடந்தன. ஆனால் அந்தக் காட்டுக்கு நடுவே ஒரு நிரை மட்டும், பலகை வைத்து இழுத்தது மாதிரி மட்டமாக, சுத்தமாகப் பறித்திருந்தது. கிள்ளிய காம்பில் இன்னும் பச்சை ஈரம் காயவில்லை. பக்கத்து நிரையில் பாதி முடிந்திருந்தது. புல்லில் யாரும் நடந்த அடையாளமே இல்லை.

செல்லச்சாமி நின்ற இடத்திலேயே குந்திவிட்டார். "ஒரு வருஷமா அவ அமைதியாத்தான் மிஸ் கெடந்தா. பெரட்டுல கூப்பிட்டீங்க. வந்துட்டா. வேல முடிஞ்சு போகச் சொல்ல ஆள் இல்ல. அவ போகமாட்டா."

சஞ்சீவனிக்கு அழுகை வந்துவிட்டது. நான்தானே கூப்பிட்டேன், நான்தானே, என்று அவள் வாய் முணுமுணுத்தது. இறங்கும்போது புதுச் சப்பாத்து இரண்டு தடவை வழுக்கியது. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்று பின்னேரம் லயத்துக்குப் போனாள். சுபாஜினி மிசினுக்கு முன்னால் இருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ஊன்றுகட்டை சுவரில் சாய்ந்து நின்றது. வந்தவள் யாரென்று தெரிந்ததும், "வாங்க மிஸ், இருங்க" என்று கதிரையில் கிடந்த துணியை ஒதுக்கினாள். கோபம் எதுவும் காட்டவில்லை. அதுவே சஞ்சீவனிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"நீங்க படிச்சவங்க. ஒண்ணு கேக்கலாமா?" என்று சுபாஜினி சுவரைக் காட்டினாள்.

ஆணியில் ஒரு பழைய படங்கு தொங்கியது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பேசினை வைத்திருந்தாள். அதில் பாதிக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தது.

"அம்மாவோடது. அவங்க போனதுல இருந்து கழுவாம அப்படியே மாட்டி வச்சிருக்கேன். ஒரு வருஷமாக் காஞ்சு கெடந்துச்சு. நேத்துப் பின்னேரம் பாத்தா நனைஞ்சு போயிருக்கு. கூரை ஒழுகுதான்னு பாத்தேன். ஒழுகல. இன்னைக்கும் வேல விடுற நேரத்துக்கு நனைஞ்சிருச்சு." அவள் கட்டையை ஊன்றி எழுந்து படங்கின் ஓரத்தைத் திருப்பினாள். உள்பக்கத்தில் ஒரு அட்டை ஒட்டிக்கொண்டு நெளிந்தது. "இது மேமலை அட்டை மிஸ். லயத்துக்கு வராது."

சஞ்சீவனி எல்லாவற்றையும் சொன்னாள். பாடத்தில் படித்தது, பெரட்டில் கூப்பிட்டது, குரல், கூடை, நிரை, கால்தடம், ஒன்றும் விடவில்லை. நடுவில் சுபாஜினி உப்பு எடுத்து அட்டையின் மேல் போட்டாள்.

கடைசியில் சஞ்சீவனி, வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "சுபாஜினி, நான் ஒண்ணு செய்யலாம். பேர் கூப்பிட்டேன், குரல் வந்திச்சு. கொழுந்து வந்திச்சு, நிறுத்தேன். வேல நடக்குது, அதுக்குத்தான் சம்பளம் போகுது, தோட்டத்துக்கு நட்டம் இல்ல. அப்படியே எழுதிக் குடுத்தா பேர் இருக்கும். காம்பராவும் இருக்கும். உன்ன யாரும் வெளியேத்த முடியாது."

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பிள்ளைக்கு இந்தக் காம்பரா வேண்டுமென்றால் அந்தப் பொம்பளை மேமலையில் நிற்கவேண்டும். பேரை வெட்டினால் அவள் போவாள், இவளுக்கு இருக்க இடமில்லை. இரண்டில் ஒன்று.

சுபாஜினி மிசினின் சக்கரத்தைச் சும்மா கையால் சுற்றினாள்.

"தோட்டத்துக்கு நட்டமில்ல. எங்கம்மாவுக்கு?" என்று கேட்டாள். "எங்கம்மா ஒரு நாள் லீவு போட்டதில்ல மிஸ். போட்டாப் பேர் போயிரும், பேர் போனா புள்ளைக்குக் காம்பரா போயிரும்னு பயம். கடைசியாக் காய்ச்சலோட மலையேறினாங்க. நான் கதவப் பிடிச்சுக்கிட்டுப் போகாதீங்கன்னு கத்தினேன். மேமலையிலருந்து தூக்கிட்டுத்தான் வந்தாங்க. செத்த பெறகாச்சும் ஒக்காரட்டும்னு நெனைச்சேன். இப்ப எனக்காகத் திரும்பவும் போறாங்களா?"

காய்ச்சலோடும் வேலைக்கு வருகிறவனைச் சந்தேகப்படு என்று ஜனார்த்தனன் சொன்னது சஞ்சீவனியின் காதில் கேட்டது. அவளுக்குக் கூசிப்போயிற்று.

"பேர வெட்டிருங்க மிஸ்" என்றாள் சுபாஜினி. "ஆனா ஓபிசுக்குள்ள பேனையால வெட்டாதீங்க. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. பெரட்டுல கூப்பிட்டீங்கல்ல, பெரட்டுலயே சொல்லுங்க. நானும் வாறேன்."

மறுநாள் சனிக்கிழமை, சம்பள நாள். கிருஷ்ணராஜ் ஜீப்பில் வந்து இறங்கினார். கள்ளனைப் பிடிப்பதை நேரில் பார்க்கவேண்டுமாம். ஓவர்கோட்டெல்லாம் போட்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். இராஜேஸ்வரியும் இன்னொருத்தியும் சுபாஜினியைக் கைத்தாங்கலாகப் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவள் அங்கே கால் வைப்பது அதுதான் முதல் தடவை.

எல்லாப் பேரும் முடிந்தது. சஞ்சீவனி சுபாஜினியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"வேலாயி."

"வந்துட்டேங்க."

இந்தத் தடவை மலையிலிருந்து வரவில்லை. பின்வரிசையிலிருந்து, மூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. பெண்கள் தங்களை அறியாமல் இரண்டு பக்கமும் விலகி நடுவில் ஒரு ஆள் வர இடம் விட்டார்கள். ஈரக் கம்பளி வாடையும் பச்சைக் கொழுந்து வாடையும் வந்தது.

"யாரது? முன்னால வரச் சொல்லுங்க, மூஞ்சியப் பாப்பம்!" என்று கிருஷ்ணராஜ் எட்டிப் பார்த்தார். அவர் பார்த்த இடத்தில் நிலம் இருந்தது, நனைந்த மண் இருந்தது, மண்ணில் ஒவ்வொன்றாகக் கால்தடம் விழுந்துகொண்டு வந்தது. அவர் ஜீப் பக்கமாகப் பின்வாங்கினார்.

தடங்கள் சஞ்சீவனிக்கு முன்னால் வந்து நின்றன. முகம் வந்து முன்னால் நின்றால்தான் காசு என்று படித்தவள் அவள். எதிரே முகம் இல்லை. வேலைக்கு வந்து நிற்கிற ஒருத்தியின் மூச்சு மட்டும் இருந்தது.

"வேலாயியம்மா" என்றாள். "ஒங்க பேர் வெட்டியாச்சு. இனிமே ஒங்களுக்கு இங்க வேல இல்ல. நான் கூப்பிட்டது பிழை. மன்னிச்சுக்குங்க. போங்கம்மா."

மூச்சு போகவில்லை. பிடிவாதமாக நின்றது.

சுபாஜினி கட்டையை ஊன்றி முன்னால் வந்தாள். "அம்மா, நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றாள். "என்னப் பத்தி நெனைக்காதீங்க. எனக்குக் கையிருக்கு, தையல் இருக்கு. இராஜேஸ்வரி அத்தை காம்பராவுல ஒரு மூலை தாறேன்னு சொல்லியிருக்காங்க. கொழுந்து போதும்மா. கூடைய எறக்கி வச்சிட்டு நீங்க போங்க."

மேலே நிறுக்கிற இடத்திலிருந்து ஏதோ உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. பிறகு போய்ப் பார்த்தபோது பிரம்புக் கூடை கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு இலையும் இல்லை. அந்த நேரத்தில் பெரட்டுக்களத்தில் யாரும் அசையவில்லை. வாடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இல்லாமல் போயிற்று. பெண்கள் ஓவென்று அழுதார்கள். செல்லச்சாமி தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓபிசில் கிருஷ்ணராஜ் இரண்டு தேத்தண்ணி குடித்த பிறகுதான் பேசினார். "அப்ப, யாரு தின்னது அந்தக் காச?"

"யாரும் தின்னல சார். கொழுந்து வந்திச்சு, நீங்க வித்தீங்க. இந்தக் கிழமைக் கொழுந்துக்கு நீங்கதான் இன்னும் சம்பளம் குடுக்கல."

"செத்தவளுக்குச் சம்பளமா?"

"நிறுத்தது உங்க தராசுல சார்."

அவர் காசை எண்ணிப் பார்க்காமல் எடுத்து மேசையில் வைத்தார். சுபாஜினியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, பேர் வெட்டியாயிற்று என்றால் மாத முடிவில் காம்பராவைக் காலி பண்ணவேண்டும் என்பதையும் சொல்ல மறக்கவில்லை. பயத்திலும் வியாபாரி வியாபாரிதான். ஜீப் போகிற வேகத்தில் வளைவில் சேற்றை வாரி அடித்தது.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் சஞ்சீவனி காசைக் கொடுக்க லயத்துக்குப் போனாள். வேலை விடுகிற நேரம். சங்கு ஊதியது. பெண்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. சுபாஜினி காசை வாங்கி எண்ணாமல் மிசின் மேல் வைத்துவிட்டு, சுவரில் தொங்கிய படங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பேசின் வெறுமையாக இருந்தது. இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கீழ் லயத்தில் அடுப்புப் புகை எழும்பத் தொடங்கியது.

சுபாஜினி எழுந்து படங்கைத் தொட்டாள். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவினாள். ஆணியிலிருந்து கழற்றி, முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"காஞ்சிருக்கு மிஸ்" என்றாள்.

"நல்லது சுபாஜினி. போயிட்டாங்க" என்றாள் சஞ்சீவனி.

சுபாஜினி தலையாட்டினாள். ஆனால் கண்ணீர் நிற்கவில்லை. படங்கை விடவும் இல்லை.

"ரெண்டு பின்னேரமா அம்மா வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்திருக்காங்க மிஸ். ஈரத்தோட வந்து, இங்கனதான் மாட்டியிருக்காங்க. நான் கூரை ஒழுகுதான்னு மேல பாத்துக்கிட்டு இருந்தேன்."